உப்பளச் சாலையில் நிறுத்திய கார்

ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு விடியற்காலை ஐந்தரைக்குத் திருவான்மியூரிலிருந்து என் காரில் கிளம்பினேன். மரக்காணம் அங்கிருந்து சுமார் நூற்றுப் பத்து கிலோமீட்டர். அங்குள்ள கழுவெளி ஏரிப் பக்கம் பூநாரைகள் இறங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டதுதான் காரணம். ஏழே முக்காலுக்கு மரக்காணத்தில் ஒரு டீ குடித்தேன், பன்னிரண்டு ரூபாய். பறவைகளை எங்கே பார்க்கலாம் என்று கடைக்காரரிடம் விசாரித்தேன்.

"மெயின் ரோட்டுல ஒண்ணும் தெரியாது சார். அளத்துக்கு நடுவுல குப்பத்துக்கு ஒரு தார் ரோடு போவுது, அதுல போங்க. ரோடு ரொம்ப சின்னது, பாத்துப் போங்க."

உண்மையிலேயே சின்ன சாலைதான். இருபுறமும் உப்புப் பாத்திகள், நடுவே ஒரு பேருந்தின் அகலத்துக்கு மேல் ஒரு முழம்கூட இல்லாத தார். நாலரை கிலோமீட்டர் போய்க் குப்பத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன். பாதி வழியில், தொலைவில், தண்ணீரின் மேல் வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. அவைதான். ஓரம் கட்டினால் சக்கரம் சேற்றில் இறங்கிவிடும் என்று பயந்து காரைத் தார் மேலேயே நிறுத்தினேன். பத்து நிமிடத்தில் வந்துவிடலாம் என்று நினைத்தேன். அப்போது மணி எட்டே முக்கால்.

வரப்பு வழியாக நடந்தேன். பாத்திகளில் பெண்கள் உப்பை வாரிக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள். நான் கொஞ்சம் நடக்க, பறவைகளும் கொஞ்சம் தள்ளிப் போயின. அப்படியே ஒரு கிலோமீட்டர் போய்விட்டேன். முந்நூறு பூநாரைகளாவது இருக்கும். எல்லாம் தலையைக் கவிழ்த்துத் தண்ணீரை அரித்துக்கொண்டிருந்தன. ஒன்பது மணி வாக்கில் பின்னாலிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. விட்டு விட்டு, வெகுநேரம். எனக்கு எரிச்சலாக வந்தது. குறிப்பேட்டில் இப்படி எழுதினேன்: 'இங்கேயும் ஹாரன். இந்த அமைதியைக்கூட விட்டுவைக்க மாட்டார்கள்.' அந்தப் பக்கத்தை இன்னும் கிழிக்கவில்லை.

திரும்பி வரும்போது மணி ஒன்பதே முக்கால். என் காருக்குப் பின்னால் டவுன் பஸ் நின்றிருந்தது. பயணிகள் இறங்கி வெயிலில் நின்றார்கள். நான் தூரத்திலிருந்தே புன்னகையுடன் கையைத் தூக்கினேன்.

தூக்கிய கை எனக்கு ஒரு பழைய காட்சியை ஞாபகப்படுத்தியது. வேலை நிமித்தம் மூன்று வருடம் கல்கத்தாவில் இருந்தேன். ஒருநாள் டிராம் தண்டவாளத்தின் மேல் எவனோ காரை நிறுத்திவிட்டுப் போயிருந்தான். டிராம் ஒதுங்கிப் போக முடியாது, மணியடித்துக்கொண்டே நின்றது. அரைமணி கழித்து இனிப்புக் கடையிலிருந்து வாயைத் துடைத்தபடி அவன் வந்தான், சிரித்தான், இதே போலக் கையைத் தூக்கினான். அன்று அவனை நான் மனதுக்குள் திட்டாத திட்டு இல்லை.

"ஏம்பா, படிச்சவன்தானே நீ?" என்றார் மீன்கூடையுடன் நின்ற ஒரு அம்மா. "எட்டு பேர் சேர்ந்து தூக்கிப் பாத்தோம், அசையல."

ஓட்டுநர் கத்தவில்லை. "பஸ்ஸை சேத்துல இறக்கினா கிரேன்தான் சார் வரணும். ரிவர்ஸ்லயும் ரெண்டு கிலோமீட்டர் போவ முடியாது" என்றார்.

நடத்துநர்தான் அதைச் சொன்னார். "ஒரு பொண்ணு நடந்தே போயிடுச்சு சார். பத்து மணிக்கு அதுக்கு இன்டர்வியூ. சத்துணவு சமையல் வேலை."

காரைக் கிளப்பினேன். ஒன்றரை கிலோமீட்டரில் அந்தப் பெண்ணைப் பிடித்தேன். முப்பது வயதிருக்கும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, காகிதங்கள் வைத்த பிளாஸ்டிக் கவரை மார்போடு அணைத்தபடி ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தார். பக்கத்தில் நிறுத்தி, ஏறச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. காரைப் பார்த்தார்.

"அந்த வண்டிதானே இது?"

"ஆமாம்மா. தப்பு என்னுதுதான். ஏறுங்க, கொண்டுபோய் விடுறேன்."

இரண்டடி நடந்தார். பிறகு நின்று, பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். பெயர் ஸ்டெல்லா என்றும், ஒன்பது வருடமாக அளத்தில் வேலை என்றும், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். "கால்ல புண்ணு ஆறவே மாட்டுது சார். இந்த வேலை கெடைச்சா நெழல்ல நிக்கலாம்" என்றார்.

இன்டர்வியூ நடந்த அலுவலகம் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தது. போய்ச் சேர்ந்தபோது பத்து இருபது. அவர் பெயரைக் கூப்பிட்டு முடித்துவிட்டதாக வாசலில் இருந்தவர் சொன்னார். நான் உள்ளே போய்ப் பேசுகிறேன் என்று முன்னே நகர்ந்தேன்.

"நீங்க ஒண்ணும் பேசாதீங்க சார்" என்று தடுத்தார் ஸ்டெல்லா. "நான் பேசிக்கிறேன்."

செருப்பைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். வேப்பமரத்தடியில் காத்திருந்தேன். பன்னிரண்டேகாலுக்கு வெளியே வந்தார்.

"கடைசில கூப்ட்டாங்க. ஏன் லேட்டுன்னு கேட்டாங்க. பஸ் லேட்டுன்னேன். எல்லாரும் இதையேதான் சொல்றீங்கன்னாங்க."

"என்னைச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா மட்டும் நம்புவாங்களா? வேலை கெடைச்சா லெட்டர் வரும்."

வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். "ஒரு மணிக்கு பஸ் இருக்குது சார், அதுல போயிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்தத்தை நோக்கி நடந்தார். கடிதம் வந்ததா என்று எனக்குத் தெரியாது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்பி ஓட்டியபோது பூநாரைகள் நினைவுக்கு வரவே இல்லை. சென்னையில் ஒரு அலுவலகத்தில் பதினாறு பேர் உள்ள பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. தாமதமாக வருகிறவர்களின் பெயருக்கு நேரே சிவப்பு மையில் குறி போடுவது என் வேலை. காரணம் கேட்பேன், பதிலை முழுதாகக் கேட்டதில்லை.

திங்கட்கிழமை பத்தேகாலுக்கு என் பிரிவில் வேலை பார்க்கும் சாரதா மூச்சிரைக்க வந்து நின்றார். "பஸ் லேட்டு சார்."

பேனாவை மூடி வைத்தேன். "உட்காருங்கம்மா. எங்கே நின்னுது?" என்று கேட்டேன்.

அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, சொல்ல ஆரம்பித்தார்.