பெட்டி மூடுவதற்குள்

அப்பா இறந்த செய்தியைச் சித்தப்பா மகன்தான் கொண்டுவந்தான். மதுராந்தகத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்து, தாம்பரத்தில் இறங்கி, விடிந்தும் விடியாமலும் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினான். எழுபதுகளின் ஆரம்பம் அது. எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். மேற்குத் தாம்பரத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டில் போகும் பஸ்ஸின் சத்தம் கேட்கிற தூரத்தில், என் வீட்டுக்காரர், அவருடைய அண்ணன், அண்ணி, நான் என்று நாலு பேர் ஒன்றாக இருந்தோம்.

"அக்கா, பெரியப்பா போயிட்டாரு" என்றான். தூக்கத்திலேயே போய்விட்டிருக்கிறார். சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம். பங்குனி வெயிலுக்கு உடம்பு தாங்காது, அதோடு பங்குச் சாமியாருக்கு அன்றைக்கே வேறொரு கிராமத்தில் பூசை இருந்தது. "நீ வந்து முகத்தப் பாத்த பிறகுதான் பெட்டிய மூடணும்னு பெரியம்மா சொல்லிட்டாங்க. கிளம்புக்கா, இப்பவே ஒரு பஸ் இருக்கு" என்றான். நான் அழுதுகொண்டே பையில் ஒரு புடவையைத் திணித்துக்கொண்டு செருப்பைத் தேடினேன்.

"பஸ்ஸுலயா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரரின் அண்ணன். அவர் ஒரு கம்பெனியில் பெரிய கிளார்க். வீட்டிலும் அவர்தான் பெரிய கிளார்க். எல்லாமே அவர் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். "நம்ம வூட்டு வாசல்ல வண்டி நிக்குது. சம்பந்தி வீட்டு மாலை, கோடித்துணி எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு பஸ்ஸுல தொங்கிக்கிட்டுப் போவாங்களா? ஊரு என்ன சொல்லும்? எல்லாரும் வண்டியில கௌரவமாப் போயி இறங்குவோம். எட்டு மணிக்குக் கிளம்பினாகூடப் பத்தரைக்கு அங்க இருப்போம்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அதனால்தான் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. சித்தப்பா மகன் காபிகூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனான், அங்கே பெட்டிக்கும் குழிக்கும் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது அவனுக்கு. நான் வாசலில் நின்று அவன் போவதைப் பார்த்தேன்.

அந்த வேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஏலத்தில் எடுத்த பழைய டீசல் வண்டி. வாரநாட்களில் ஒரு டிரைவரை வைத்து வாடகைக்கு ஓட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அண்ணனே ஓட்டி எங்களைக் கோவிலுக்குக் கூட்டிப்போவார். நடந்துபோனால் பத்து நிமிஷத்தில் போய்விடலாம் அந்தக் கோவிலுக்கு. ஆனாலும் வண்டியில் போய், ஜனங்கள் ஒதுங்க ஒதுங்க ஹார்ன் அடித்து இறங்குவதில்தான் அவருக்குப் பக்தி. முந்தின நாள் குருத்தோலை ஞாயிறு. அன்றைக்கும் அப்படித்தான் போய், மந்திரித்த குருத்தோலையோடு திரும்பி வந்தோம்.

மாலை வாங்கி, துணி வாங்கி, எல்லோரும் குளித்து, வெள்ளை உடுத்தி வண்டியில் ஏறி உட்கார்ந்தோம். டிரைவர் லீவில் இருந்ததால் அண்ணனே சிலுவை போட்டுக்கொண்டு செல்ஃபை அழுத்தினார். இன்ஜின் நன்றாகத்தான் சுற்றியது. சுற்றியது, சுற்றியது, பிடிக்கவே இல்லை. மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதே கதை. "காலையில கொஞ்சம் முரண்டு பண்ணும்" என்றார். அந்தப் பங்குனி மாசத்தில் முரண்டு பண்ண அதற்கு என்ன குளிரோ தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தார். "புகையே வரல அண்ணா" என்றார். புகை வந்தால் டீசல் இன்ஜினுக்குள் போகிறது என்று அர்த்தமாம், வராவிட்டால் டீசலே போகவில்லை என்று அர்த்தமாம். இதை அன்றைக்கு நான் பத்துப் பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன். டேங்க்கில் குச்சியை விட்டுப் பார்த்தார்கள், பாதிக்கு மேல் இருந்தது. "அப்போ காத்து பிடிச்சிருக்கு" என்று அண்ணன் தீர்ப்புச் சொன்னார். வெள்ளைச் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு பானட்டைத் திறந்தார்.

நான் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஃபில்டருக்கு மேலே இருந்த சின்னத் திருகாணியைத் தளர்த்தி, கையால் அடிக்கிற பம்பை அடித்தார்கள். நுரை வந்தது, பிறகு சுத்தமான டீசல் வந்தது. "பாத்தியா, காத்துதான்" என்று தம்பியிடம் வெற்றியோடு சொன்னார். திருகாணியை இறுக்கிச் செல்ஃப் அடித்தால் பழைய கதைதான். எதிர்வீட்டு சார் ஒருவர் லுங்கியோடு வந்து, பெட்ரோலில் நனைத்த துணியைக் காற்று போகிற வாயில் காட்டச் சொன்னார். காட்டினார்கள். இன்ஜின் இரண்டு தடவை தும்மிவிட்டு அடங்கிப்போனது. இன்னொருவர் வெந்நீர் ஊற்றச் சொன்னார். என் ஓரகத்தி, அதாவது அண்ணனின் மனைவி, சாவு வீட்டுக்குக் கிளம்பின கோலத்திலேயே அடுப்பைப் பற்றவைத்து வெந்நீர் போட்டார். கடைசியில் பேட்டரியும் களைத்துப்போய் முனக ஆரம்பித்தது. தெருவிலிருந்த ஆம்பளைகளைக் கூட்டி வண்டியை ரயில்வே லைன் பக்கம் இறக்கத்தில் தள்ளினார்கள். தள்ளிப் பார்த்துவிட்டு, திரும்ப மூச்சுவாங்க மேலே தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

அதற்குள் பத்தரை தாண்டிவிட்டது. "நான் பஸ்ஸுல போறேங்க" என்றேன் வீட்டுக்காரரிடம். "கொஞ்சம் பொறு. அண்ணன் பாத்துக்கிட்டு இருக்காரு இல்ல?" என்றார். அந்த மனுஷர் வாழ்நாள் முழுக்க எனக்குச் சொன்ன ஒரே பதில் அதுதான்.

பன்னிரண்டு மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு கேட்வரைக்கும் போனேன். ஓரகத்தி ஓடிவந்து கையைப் பிடித்தார். அண்ணன் கரிக்கையோடு திரும்பி, "நீ மட்டும் தனியாப் போயி நின்னா, புருஷன் வீட்டுல ஒரு நாதியும் வரலன்னுதானே பேசுவாங்க? எங்க மானம் என்ன ஆகும்? வண்டி கெட்டுப்போச்சுன்னு தண்டோரா போடப் போறியா?" என்றார். போயிருக்கலாமே என்று இப்போது கேட்கிறார்கள். கேட்பவர்களுக்கு என்ன, சுலபம். மூத்தவர் வேண்டாம் என்று சொல்லி, புருஷன் தலையைக் குனிந்துகொண்டு, கையில் ஒரு பைசாகூட இல்லாமல் நிற்கிற இருபத்திரண்டு வயது மருமகளாக இருந்து பார்த்தால் தெரியும்.

இரும்புலியூரிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தபோது ஒரு மணி இருக்கும். அவர் வரும்போதே சார்ஜ் ஏற்றின பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். இன்ஜினுக்குப் போகிற மெல்லிய குழாய் ஒன்றின் நட்டைத் தளர்த்தி, செல்ஃப் அடிக்கச் சொன்னார். அங்கே ஒரு சொட்டுகூட வரவில்லை.

"ஃபில்டர் வரிக்கும் வருது, பம்புலருந்து வெளிய வரல. ஸ்டாப் உள்ள தள்ளிக்கீதா சார்?" என்று கேட்டார்.

"அது தெரியாமலா வண்டி வெச்சிருக்கேன்? காலையிலேயே தள்ளியாச்சு" என்றார் அண்ணன்.

மெக்கானிக் எதற்கும் பார்க்கலாமென்று டிரைவர் சீட் பக்கமாக உள்ளே கையை நீட்டினார். "ஐயோ, அத தொடாதப்பா! மந்திரிச்ச ஓலை, சாமி ஓலை!" என்று ஓரகத்தி அலறினார். அந்த மனுஷர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, தெரியாமல் செய்துவிட்டேன் என்கிற மாதிரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அப்போ பம்புதான் சார் பேஜார் பண்ணுது. கயட்டி பல்லாவரத்துக்கு எட்துகினு போவணும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று நான்தான் கேட்டேன். மெக்கானிக் என்னைப் பார்த்தார், பிறகு வண்டிக்குள் இருந்த மாலையைப் பார்த்தார். "இன்னிக்கு ஆவாதும்மா" என்றார். அப்போதும் பஸ் இருந்தது. ஒன்றரை மணிக்கு ஏறியிருந்தால்கூட மூன்றரைக்குப் போயிருப்பேன். இதை நான் கத்தியே சொன்னேன், தெருவே திரும்பிப் பார்த்தது. "கழட்டட்டும், பாப்போம், பாதி வேலை முடிஞ்சாச்சு" என்றார் அண்ணன். எந்தப் பாதி முடிந்தது என்று அவர் சொல்லவில்லை.

பம்பைச் சுற்றியிருந்த ஒவ்வொரு குழாயாக மெக்கானிக் கழற்றினார். கடைசியாக, டிரைவர் பக்கத்திலிருந்து பம்புக்கு வருகிற ஒரு கம்பியை அவிழ்த்தார். அவிழ்த்ததும் பம்பின் பக்கவாட்டில் இருந்த சின்னக் கைப்பிடி தானாகவே துள்ளி மறுபக்கம் போய் நின்றது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். கழற்றின குழாயையெல்லாம் திரும்ப மாட்டினார், காற்றை வெளியேற்றினார். "இப்ப அடிங்க சார்" என்றார்.

இன்ஜின் கரும்புகையைக் கக்கிக்கொண்டு உடனே பிடித்துக்கொண்டது.

டீசல் வண்டியைச் சாவியைத் திருப்பி நிறுத்துவது அப்போது கிடையாது. டிரைவருக்கு முன்னால் ஒரு குமிழ் இருக்கும். அதை வெளியே இழுத்தால் டீசல் நின்று இன்ஜின் அணையும். திரும்பக் கிளப்பும்போது உள்ளே தள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோவிலிலிருந்து வந்ததும் அண்ணன் அதை இழுத்து வண்டியை நிறுத்தியிருக்கிறார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்தக் குமிழின் கழுத்தில், ஓரகத்தி குருத்தோலைச் சிலுவையின் வாலை நாலு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டியிருக்கிறார். எங்கள் ஜனங்கள் எல்லோரும் செய்வதுதான், வீட்டுக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று. காலையில் அண்ணன் தள்ளியது உண்மைதான். ஓலைச் சுற்றில் முட்டி அது பாதியிலேயே நின்றுவிட்டது. மந்திரித்த ஓலையை அடுத்த வருஷச் சாம்பல் புதனுக்கு எரிக்கக் கொடுக்கிறவரைக்கும் யாரும் கைவைக்கக் கூடாது, அதனால் யாரும் விலக்கியும் பார்க்கவில்லை.

"எப்படியோ, வண்டில ஒரு கோளாறும் இல்ல பாரு" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் சட்டையை என் கையிலிருந்து வாங்கிப் போட்டுக்கொண்டார். கைகழுவி, சோறு தின்று, வாடிப்போன மாலைக்குப் பதில் வேறு மாலை வாங்கிக் கிளம்பும்போது மூன்றேகால்.

கூடுவாஞ்சேரி, பொத்தேரி, சிங்கப்பெருமாள் கோவில் என்று ஒவ்வோர் ஊராக அந்தப் பழைய வண்டி ஊர்ந்தது. பின்னாலிருந்து வந்த பஸ்கள் ஹார்ன் அடித்து எங்களைத் தாண்டிப் போயின. பாலாற்றுப் பாலத்தில் போகும்போது நாலரை. அம்மா பெட்டியை மூட விட்டிருக்க மாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அம்மா மூட விடவில்லைதான். நாலே முக்கால்வரை பெட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். "சொந்த வண்டி இருக்கு, எப்படியும் வந்துருவாங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாளாம். கடைசியில் நாற்றம் வர ஆரம்பித்ததும் சித்தப்பாதான் அவள் விரல்களைப் பிரித்து எடுத்திருக்கிறார்.

நாங்கள் நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். ஜனங்கள் கலைந்து வந்துகொண்டிருந்தார்கள். குழியை மூடி மண்ணைக் குவித்தாகிவிட்டது. குழி வெட்டுகிறவர் மட்டும் மண்வெட்டியால் மேட்டின் ஓரங்களைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தார். வாசலில் நின்ற உறவுக்காரர்களிடம் அண்ணன் அதற்குள் பம்பு, காற்று, பல்லாவரம் என்று ஆரம்பித்துவிட்டார். அவர்களும் "சொந்த வண்டின்னா அப்படித்தான்" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் மண்மேட்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். எனக்கு வெட்கம் மானம் எதுவும் இல்லை. "தோண்டுங்க. ஒரே ஒரு தடவை மூடியத் திறந்து காட்டுங்க. முகத்தப் பாத்துட்டு நானே மூடிடறேன்" என்று குழி வெட்டுகிறவரிடம் கெஞ்சினேன். என் வீட்டுக்காரர் மாலையோடு பின்னால் நின்றார்.

அந்த மனிதர் மண்வெட்டியை மண்ணில் ஊன்றினார். தோண்டியிருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவர் பார்த்தது என்னை அல்ல. நிமிர்ந்து, கூட்டத்தில் யார் பெரிய ஆள் என்று தேடி, அண்ணனைப் பார்த்தார். அவர் பேச்சை நிறுத்தாமலே வேண்டாம் என்று கையை அசைத்தார். குழி வெட்டுகிறவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடிக்குக் கழுவப் போனார்.