மும்தாஜ் பிறந்த ஊர்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் டெஸ்பாட்ச் இன்சார்ஜாக இருந்த, உலோக வார்ப்பு செய்யும் காஸ்டிங் கம்பெனிக்கு ஒரே ஒரு மெயில் ஐ.டி.தான். ஆபீஸ் வேலை பார்த்த மும்தாஜ் தன் பெயரில் இலவசமாகத் திறந்தது. வெளிநாட்டு ஆர்டர், டிராயிங் எல்லாம் அதில்தான் வரும்.

ஆறு வருஷம் உழைத்த அந்தப் பெண் பிரசவத்துக்கு லீவு கேட்டார். அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிட்டார் முதலாளி. அனுபவச் சான்றிதழும் தரவில்லை. அது இல்லாமல் வேறு எங்கேயும் அவரைச் சேர்க்கவில்லை.

"ஊட்ல குந்திக்கினே நம்ம மெயிலெல்லாம் பாத்துடுவா" என்று முதலாளியே பாஸ்வேர்டை மாற்றினார். யாரிடமும் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் அதை நினைவில் வைத்துக்கொண்டது. அவர் மறந்துவிட்டார். பிறகு வைரஸ் வந்து கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்தோம். அத்தோடு பாஸ்வேர்டும் போயிற்று.

அந்த நேரம் பார்த்து சிங்கப்பூர் கஸ்டமர் புது டிராயிங் அனுப்பியிருப்பதாகப் போன் செய்தார். சாயங்காலத்துக்குள் ஓகே சொல்லாவிட்டால் ஆர்டர் கைமாறிவிடும். முன்பின் தெரியாத ஐ.டி.க்கு அனுப்பவும் மறுத்துவிட்டார்.

பாஸ்வேர்டு மறந்தவர்களிடம் கேட்க ஒரு ரகசியக் கேள்வி உண்டு. மும்தாஜ் வைத்த கேள்வி: பிறந்த ஊர் எது?

முதலாளி பொன்னேரி என்று அடித்தார். தப்பு. மீஞ்சூர். தப்பு. இன்னொரு முறை தப்பானால் பூட்டிவிடும் என்றது திரை.

"யோவ், அந்தப் பொண்ணு இன்னா ஊருய்யா? உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். சொல்ல மாட்டேன்."

"இன்னாய்யா பேஜாரு பண்ற? கம்பெனி மெயில்யா அது!"

"அவங்க பேர்ல இருக்குது சார். அவங்களையே கேளுங்க."

"நீயும் ஊட்டுக்குப் போறியா?"

"போறேன் சார். அப்பவும் அவங்களைத்தான் கேக்கணும்."

முறைத்துக்கொண்டே ஸ்பீக்கரில் போன் போட்டார். "ஏம்மா மும்தாஜ், நீ எந்த ஊர்ல பொறந்த?"

"ஆறு வருஷத்துல இப்பத்தான் கேக்கறீங்க சார். சர்டிபிகேட்ல கையெழுத்து போட்டு டெஸ்பாட்ச் அண்ணன்கிட்ட குடுங்க. சொல்றேன்."

முதலாளி சர்டிபிகேட்டை அடிக்கச் சொல்லி, கையெழுத்து போட்டு என்னிடம் கொடுத்தார். "பழவேற்காடு" என்றார் மும்தாஜ். மெயில் திறந்தது. ஆர்டர் தப்பியது.

இப்போது வேலைக்கு வருபவர்களுக்குச் சொல்கிறேன். கம்பெனி மெயிலைக் கம்பெனி பெயரில் திறங்கள். பாஸ்வேர்டு இரண்டு பேருக்காவது தெரியட்டும். அதோடு, பக்கத்து நாற்காலியில் இருப்பவர் எந்த ஊர் என்று முதல் நாளே கேளுங்கள். ஆர்டர் கைவிட்டுப் போகிற நாளிலா கேட்பது?