கடலில் மிதந்த மரக்கன்றுகள்

என் தம்பிக்குப் போனில் பேச வராது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து, கூப்பிட்டால் "ம்" என்பான், "சாப்ட்டேன்" என்பான், "வெச்சிடவா" என்பான். வரிசையைக்கூட மாற்ற மாட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதைக் கேட்கவா அக்கா என்று ஒருத்தி இருக்கிறாள்?

போன தீபாவளிக்கு வந்தவன் என் போனில் ஒரு கேமை ஏற்றிக் கொடுத்தான். அதில் மண், கல், மரம், மாடு எல்லாமே சதுரம் சதுரமாக இருக்கும். மரத்தை வெட்டிக் கட்டை சேர்த்து வீடு கட்டலாம். அவன் ஹாஸ்டலிலும் நான் மரக்காணத்திலும் இருந்தபடியே ஒரே உலகத்துக்குள் போகலாம். மழைக்காலத்தில் நான் வேலை செய்யும் உப்பளம் முழுக்கத் தண்ணீருக்குள் கிடக்கும், தை பிறக்கிறவரை எனக்கு வேலையில்லை. சரி, சும்மா இருக்கிற கை என்று உள்ளே போனேன்.

போன் அழைப்பு ஒரு பக்கம் ஸ்பீக்கரில் ஓட, இன்னொரு பக்கம் விளையாடுவோம். அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. கையில் வேலை இருந்தால் அவனுக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது. சூப்பர்வைசர் கத்தியது, சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருப்பது, பக்கத்துக் கட்டில்காரனின் குறட்டை, எல்லாம் வந்தது. உப்பளத்தில் நாங்களும் அப்படித்தான். கை உப்பு வாரும் பலகையைத் தள்ளும்போதுதான் ஊர்க்கதை எல்லாம் வெளியே வரும். அவனுக்கு லீவு விடும் ஞாயிற்றுக்கிழமைக்காக நான் காத்துக்கிடக்க ஆரம்பித்தேன்.

அவன் கட்டிய வீடுதான் முடிகிற வழியாக இல்லை. கூடம் போட்டான், அதற்குப் பின்னால் அறை, அதற்குப் பின்னால் இன்னொரு அறை. "எதுக்குடா இத்தன ரூமு? கல்யாண மண்டபமா கட்டுற?" என்று கேட்டால், "இருக்கட்டுமேக்கா" என்பான். கண்ணுக்கு எட்டிய மரத்தையெல்லாம் அந்த வீடு தின்றுவிட்டது. ஒரு ஞாயிறு மதியம், "கட்டை தீந்துபோச்சுக்கா. அப்ப அவ்ளோதான். வெச்சிடவா?" என்றான்.

அந்த "வெச்சிடவா" எனக்குப் பகீரென்றது. அலுத்துவிட்டது போலிருக்கிறது, இனி பழையபடி "ம்", "சாப்ட்டேன்" தான் என்று நினைத்தேன். "அடுத்த வாரம் வாடா, கட்டைக்கு நானாச்சு" என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

அந்த கேமில் மரத்தை வெட்டினால் இலை தானாக உதிர்ந்து, நடுநடுவே கன்று விழும் என்பது மட்டும் தெரியும். கடலோரமாக ஒரு சமதளத்தைப் பிடித்தேன். எனக்குத் தெரிந்தது பாத்தி கட்டுவதுதானே. நூல் பிடித்த மாதிரி பாத்தி, சுற்றி வரப்பு, பாத்திக்குப் பாத்தி வாய்க்கால், எல்லா வாய்க்காலும் கடைசியில் கடலுக்கு. தூரத்தில் மிஞ்சியிருந்த சில மரங்களை வெட்டி, விழுந்த கன்றுகளைப் பாத்தியில் நட்டேன். எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரர், "உப்பளத்துல மரம் வெச்ச மொத ஆளு நீதான்" என்றார். நிஜத்தில் உப்பளத்துப் பக்கம் மரமே ஆகாது. நிழல் விழுந்தால் உப்பு விளையாது. நான் அவரை டீ போட அனுப்பினேன்.

வார நடுவில் மரங்கள் ஜம்மென்று நின்றன. ஞாயிற்றுக்கிழமை தம்பி உள்ளே வந்தபோது நான் பெருமை தாங்காமல் அத்தனையையும் ஒரே மூச்சில் வெட்டி முடித்திருந்தேன். கட்டை மலையாய்க் குவிந்தது. அடுத்து நட வேண்டும். கன்றைத் தேடினால் ஒன்றுகூட இல்லை. இலையெல்லாம் உதிர்ந்துவிட்டது, பாத்தி துடைத்துவிட்டது போல் இருக்கிறது.

"அக்கா, கடல்ல இன்னாமோ மெதக்குது" என்றான் தம்பி.

கன்றுகள்தான். உப்பளத்தில் உப்பை வாரி முடித்ததும் பாத்தியில் மிஞ்சுவது கசப்புத் தண்ணீர். அதைத் திறந்து வெளியே விடாவிட்டால் அடுத்த உப்பு கெட்டுப்போகும். இத்தனை வருடம் செய்த பழக்கத்தில், மரத்தோப்புக்கும் கடலைப் பார்த்து வாய்க்கால் வெட்டி வைத்திருக்கிறேன். விழுந்த கன்றெல்லாம் அதில் இறங்கி ஊர்வலம் போய்விட்டது.

"விதைய கடலுக்கு அனுப்பிட்டு கட்டையோட நிக்கிறியேக்கா" என்று தம்பி சிரிக்க ஆரம்பித்தான். ஹாஸ்டலுக்குப் போனபிறகு அவன் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டே கடலில் குதித்தான். "சீக்கிரம் வாக்கா, கொஞ்ச நேரத்துல காணாம பூடும்" என்றான். நானும் குதித்தேன். பக்கத்து எக்கியார்குப்பத்து மீனவர்கள் பார்த்திருந்தால் எங்கள் நீச்சலுக்குத் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். கைக்குச் சிக்கியதை அள்ளிக்கொண்டு கரையேறினோம்.

பிறகு வாய்க்காலையெல்லாம் உள்பக்கமாகத் திருப்பினோம். தண்ணீர் இப்போது கன்றுகளை அடித்துவந்து நடுவில் ஒரு குழியில் சேர்த்தது. ஒரு பாதியை வெட்டினால் மறுபாதி வளர்ந்துகொண்டிருக்க வேண்டும், வெட்டிய இடத்தில் நடாமல் அடுத்த மரத்தைத் தொடக்கூடாது என்று சட்டமும் போட்டேன். சட்டம் போடுவது எனக்குப் பிடித்த வேலை.

அதற்கடுத்த ஞாயிறு குழி நிறையக் கன்று, பெட்டி நிறையக் கட்டை. "இனிமே நீ எவ்ளோ வெட்டுனாலும் தீராது. இப்பவாவது அந்த வீட்ட முடிடா" என்றேன்.

அவன் கையில் கன்றை வைத்துக்கொண்டு பாத்தியில் அப்படியே நின்றான். போய்விட்டானோ என்று போனைக் காதில் வைத்தேன்.

"வீடு அப்பவே முடிஞ்சுதுக்கா" என்றான். "முடிஞ்சுதுன்னு சொன்னா அப்புறம் நீ எதுக்கு வரப்போறன்னு, ரூமு ரூமா இழுத்துகினு இருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சாம்பாரில் பருப்பில்லை என்பதைச் சொல்லக்கூட இவனுக்கு ஒரு வீடு கட்ட வேண்டியிருந்திருக்கிறது. அவன் போய்விடுவான் என்று நான் தோப்பு போட்டேன், நான் போய்விடுவேன் என்று அவன் ஒரு காட்டையே அழித்திருக்கிறான்.

"லூசு" என்றேன். "கையில இருக்குற கன்ன மொதல்ல நடு. நட்டுட்டு, கிழக்கால ஒரு ரூமு போடு. நான் எங்க தங்குறது?"