இரண்டாவது வரியில் பிள்ளையார் சுழி

மளிகைச் சீட்டு எழுதினாலும் சரி, ரேஷன் கார்டுக்கு மனு எழுதினாலும் சரி, மேலே ஒரு ‘உ’ போடாமல் என் கை நகராது. அந்தப் பழக்கம் ஒருநாள் ஒரு வெப்சைட்டையே தடுக்கிவிடும் என்று நான் நினைத்தேனா?

நான் ஊரப்பாக்கத்தில் குடும்பம் நடத்துகிறவள். படிப்பு பத்தாவது, அதற்குமேல் தமிழ் டைப்ரைட்டிங் லோயர். கல்யாணத்துக்கு முன்னால் தாம்பரத்தில் ஒரு டைப்பிங் கடையில் வேலை பார்த்தேன். அங்கே பழக்கமானவள்தான் கீழ்க்கட்டளைக்காரி. பிறவியிலேயே அவளுக்குப் பார்வை கிடையாது. பி.ஏ. பரீட்சைக்கு அவள் சொல்லச் சொல்ல எழுதித் தர ஆள் தேடினாள், நான் போனேன். இன்றைக்கு அவள் ஒரு ஆபீசில் டெலிபோன் ஆபரேட்டர். எனக்குத் தங்கை மாதிரி.

கம்ப்யூட்டர் திரையில் இருப்பதையெல்லாம் வாய்விட்டுப் படித்துக் காட்டுகிற சாஃப்ட்வேர் ஒன்று இருக்கிறது. இலவசம். பல தேசத்து ஜனங்கள் சம்பளம் வாங்காமல் சேர்ந்து அதை நடத்துகிறார்கள். அதை எப்படிப் போடுவது, எந்தப் பட்டனை அழுத்தினால் என்ன ஆகும் என்று சொல்லித்தர ஒரு வெப்சைட். அதில் தமிழ்ப் பகுதி எங்கள் இரண்டு பேருடையது. அவள் இங்கிலீஷைக் கேட்டு போனில் அர்த்தம் சொல்லுவாள். நான் நோட்டில் தமிழில் எழுதி, பிறகு டைப் அடித்து ஏற்றுவேன். “நான் எழுதினா கோர்ட் நோட்டீஸ் மாதிரி இருக்கும்கா, நீங்க எழுதினாத்தான் பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி கீது” என்பாள். இப்படி நாற்பத்து மூன்று பக்கம் ஆகியிருந்தது.

அவற்றை வைத்துத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில், பூசை முடிந்த பிறகு, அவர்கள் சர்ச் ஹாலில் பார்வையில்லாத ஆறு பேருக்கு அவள் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறாள்.

இந்த நிலையில் சைட்டின் சிஸ்டத்தை மாற்றுகிறோம், இரண்டு நாள் திறக்காது என்று அறிவிப்பு வந்தது. சரி, நமக்கென்ன என்று நானும் கொலுப்படி துடைக்கிற வேலையில் இருந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் அவளிடமிருந்து போன்.

“அக்கா, நம்ம சைட்டுக்கு இன்னா ஆச்சு? லிஸ்டைத் தொறந்தா உ, உ, உன்னு ஊளையிட்டுகினே கீது.”

திறந்து பார்த்தேன். பாடங்களின் தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில், மேலிருந்து கீழ்வரை, ஒன்றன்கீழ் ஒன்றாக ‘உ’. ஒரு தலைப்பும் இல்லை. பார்த்தவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது. பழைய சிஸ்டத்தில் தலைப்புக்குத் தனிக் கட்டம் இருந்தது. கீழே பெரிய கட்டத்தில் நான் வழக்கம்போல முதல் வரியில் சுழி போட்டுவிட்டு எழுதுவேன். புது சிஸ்டத்தில் அந்தத் தனிக் கட்டமே கிடையாது. முதல் வரியில் என்ன இருக்கிறதோ அதுதான் தலைப்பு.

ஆனால் அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. சிஸ்டம் மாற்றினதில் ஏதோ கோளாறு போலிருக்கிறது என்று மழுப்பிவிட்டேன்.

மத்தியானம் ஒரு மெயில் வந்தது. சைட்டை மேற்பார்வை பார்க்கிற அம்மா ஏதோ குளிர் தேசத்திலிருந்து எழுதியிருந்தார். இந்த நாற்பத்து மூன்றும் யாரோ சோதனைக்குப் போட்ட வெற்றுப் பக்கங்கள் மாதிரி தெரிகிறதாம். சனிக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் நீக்கப் போகிறார்களாம். நீக்கிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அந்த ஆறு பேருக்கும் பாடம் இல்லை. நோட்டைப் பார்த்து மறுபடி அத்தனையும் டைப் அடித்து ஏற்ற எத்தனை மாசம் ஆகுமோ. கீழ்க்கட்டளைக்காரி போனில் கொதித்துப் போனாள். சிஸ்டத்தைக் கெடுத்தது நீங்கள், பழி எங்கள் மேலா என்று காரமாக ஒரு பதில் அடிக்கப் போவதாகச் சொன்னாள்.

இனி மறைத்தால் பாவம். “வேணாம்மா. தப்பு அவங்க மேல இல்ல. நான் போட்ட பிள்ளையார் சுழிதான் அது” என்றேன்.

அவள் மெதுவாகக் கேட்டாள்.

“என் பி.ஏ. பேப்பர்லயும் போட்டீங்களா?”

“எல்லாப் பேப்பர்லயும் போட்டேன்.”

அவள் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த ரொம்ப நேரம் ஆயிற்று. “அப்போ நான் பாஸானது மாதா புண்ணியம்னு இவ்ளோ வருஷமா மெழுகுவத்தி ஏத்துறேனே” என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து பார்த்துக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள் என்றேன். காரமான மெயில் போகவில்லை. தவறு எங்களுடையது, திருத்திவிடுகிறோம், எங்கள் அக்கா சுழி போடாமல் எதையும் தொடங்கமாட்டார் என்று பணிவாகவே எழுதினாள்.

சனிக்கிழமை காலை உட்கார்ந்தேன். சுழியை அழித்துவிட்டு அந்த இடத்தில் தலைப்பை அடிக்க வேண்டும், அவ்வளவுதான். விரல் பட்டன் மேல் போகிறது, அழுத்தமாட்டேன் என்கிறது. போட்டுத்தான் பழக்கம், அழித்துப் பழக்கமில்லையே. எழுந்து தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். சிதறு தேங்காய் ஒன்று உடைத்து, அப்பனே, ஆறு பேர் படிக்கிற படிப்பு, கொஞ்சம் நகர்ந்து கொடு என்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.

எங்கள் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியிலிருந்து ரிடையரானவர். என் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாகத் தலைப்பைப் படித்துச் சொன்னார். ஒவ்வொன்றையும் அழிக்கும்போது நான் பக்கத்தில் ஒரு தாளில் பென்சிலால் ஒரு சுழி போட்டுக்கொண்டேன். “அங்கேருந்து எழுப்பி இங்கே உக்கார வெக்கிறியா? இடம் பத்துமா பாரு” என்று கிண்டல் செய்தார். அன்றைக்குச் சமையல் வெறும் ரசம், அப்பளம். அதற்கும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். விளக்கேற்றுகிற நேரத்துக்கு நாற்பத்து மூன்றும் முடிந்தது. கீழ்க்கட்டளைக்காரி ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டு, சரி சரி என்று சொல்லிக்கொண்டே வந்தாள். மறுநாள் விடிந்து பார்த்தால் அந்த அம்மாவின் பதில் வந்திருந்தது. ஒரு பக்கத்தையும் நீக்கவில்லையாம்.

நிம்மதியாகக் குளித்து, சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். வகுப்பு நடக்கிற நேரத்தில் போன் அடித்தது. நன்றி சொல்லத்தான் என்று நினைத்து எடுத்தால், அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இவர் ஏதோ கேட்கிறார் பாருங்கள் என்று வகுப்பில் ஒருவரிடம் போனைக் கொடுத்தாள். தையல் வேலை பார்த்தவராம், நடுவயசில் பார்வை போனவர்.

“மேடம், அந்த ‘உ’வை ஏன் எடுத்துட்டீங்க? முன்ன மெனுவெல்லாம் ஒவ்வொண்ணா படிச்சுகினு வரும். ‘உ’ன்னு சொன்னா, சரி, மேட்டர் ஆரம்பிச்சிடுச்சுன்னு நாங்க உஷாராவோம். இப்ப மெனு எங்க முடியுது, பாடம் எங்க தொடங்குதுன்னே புரியல.”

இத்தனை நாளாக நான் பக்திக்காகப் போட்டது, அவர்களுக்கு வாசல்படியாக இருந்திருக்கிறது. எனக்கு அது தெரியவே தெரியாது. இதையெல்லாம் கூடவே கேட்டுக்கொண்டிருந்த கீழ்க்கட்டளைக்காரியும் தெரியாது என்றுதான் சொன்னாள். அவளுக்குக் கை வேகம், மெனுவையும் அந்த ஒற்றை எழுத்தையும் தாண்டி நேரே பாடத்துக்குப் போய்விடுகிறவள்.

அந்த அம்மாவுக்கு மறுபடி எழுதி அனுமதி கேட்டோம். தலைப்பு முதல் வரியில் இருந்தால் போதும், அதற்குக் கீழே உங்கள் விருப்பம் என்றார். திங்கட்கிழமை திரும்பவும் நாற்பத்து மூன்று பக்கத்தையும் திறந்தேன். இந்த முறை விரல் தயங்கவே இல்லை.

போன வாரம் புதிதாக ஒரு பக்கம் ஏற்றினோம். தலைப்பை முதலில் அடிப்பது இன்னும் எனக்கு ஒரு மாதிரிதான் இருக்கிறது, மனசுக்குள் ஒரு தரம் பிள்ளையாரே என்று சொல்லிக்கொள்கிறேன். அவள் வழக்கம்போல போனை ஸ்பீக்கரில் போட்டு அந்தப் பக்கத்தைத் திறந்தாள். இப்போதெல்லாம் அவள் எதையும் தாண்டுவதில்லை; மெனு ஓடியது, தலைப்பு வந்தது, கம்ப்யூட்டர் “உ” என்றது.

“வந்துட்டாருக்கா” என்றாள் அவள், அடுத்த வரிக்குப் போனாள்.