பொம்மிடிக்காரர்கள் எப்படி ஓட்டுகிறார்கள்?

எண்பதுகளில் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்களில் சைக்கிள் பந்தயம் இல்லாத கோயில் திருவிழா கிடையாது. பொங்கலுக்குத் தொடங்கினால் கோடை வரை ஊர் ஊராக நடக்கும். நடுவில் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் மட்டும் ஓய்வு. கல்யாணம், மேளம், கறிச்சோறு எதுவும் இல்லாத அந்த நாட்களில் எங்கள் ஆண்களுக்கு இருந்த ஒரே வேலை, எதிரணி எப்படி இருக்கிறது, நாம் எப்படி இருக்கிறோம் என்று எடை போடுவதுதான். சும்மா இருந்த வாய்களுக்கு நல்ல தீனி.

நான் பிறந்தது பொம்மிடி, வாக்கப்பட்டது பாலக்கோட்டுப் பக்கம். பந்தயத்தில் இரண்டும் கீரியும் பாம்பும். அங்கே ஓட்டியது என் அண்ணன், இங்கே என் வீட்டுக்காரர். அந்த வருஷம் தவக்காலம் வரைக்கும் இரண்டு அணியும் சமமாக நின்றன.

அணிக்கு மூன்று பேர். மூவரில் கடைசி ஆள் கோட்டைத் தொட்டால்தான் அணி வந்து சேர்ந்ததாகக் கணக்கு. எங்கள் அணியில் அந்தக் கடைசி ஆள் என் வீட்டுக்காரர். முப்பதைத் தாண்டியவர், ஏற்றத்தில் மூச்சு வாங்கும். சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த ஓர் இளைஞன் அவரைவிட வேகம். ஆனாலும் பழைய ஆளை விலக்க யாருக்கும் மனசு வரவில்லை. பொம்மிடி பலமாக இருந்தால் மட்டும் ஆளை மாற்றலாம் என்று பேசி வைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரருக்கோ அந்த மூன்றாவது இடம் என்றால் உயிர். எனக்கும்தான், பொய் சொல்வானேன். அந்த இளைஞனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பொம்மிடியை வேவு பார்க்க சைக்கிள் கடைக்காரர் போனார். எங்கள் அணிக்கு மூளையே அவர்தான். போய்விட்டு வந்து சிரியோ சிரி என்று சிரித்தார்.

"ஏத்தத்துல எருமை கூட அவங்கள முந்திடும்ங்க! நாக்கு தள்ளுது மூணு பேருக்கும். ஆள மாத்தற வேலையே வேணாம்."

அன்றைக்கு என் வீட்டுக்காரர் விசிலடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் முடிவைச் சொல்லிவிடுவதாக ஏற்பாடு.

அதற்கு முந்தின நாள் அம்மாவைப் பார்க்க பொம்மிடி போயிருந்தேன். வாசலில் என் அண்ணன் சைக்கிள் டயரில் காற்றை இறக்கிக்கொண்டிருந்தான். இரண்டு சக்கரமும் பாதி சப்பை.

"ஏண்ணே, நல்லா இருக்கற காத்த எறக்கற?"

"இப்பிடி ஓட்டுனாத்தான், பாப்பா, காலுக்குப் பலம். ஈஸ்டர் முடிஞ்சு காத்தக் கல்லாட்டம் அடிச்சு ஏறுனோம்னு வெய்யி, பறப்போம். ஒங்கூரு சைக்கிள் கடைக்காரரு புளியமரத்துப் பின்னால நின்னு பாத்தாரு. பாக்கட்டும்னு இன்னும் மெதுவா ஓட்டுனோம்!"

அவன் சிரித்த சிரிப்பில் எனக்கு வயிறெரிந்தது. பஸ்ஸில் திரும்பும்போது அண்ணனைத் திட்டினேன், கடைக்காரரைத் திட்டினேன், கடைசியில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அந்தக் கேள்வியைக் கேட்ட என்னையே திட்டிக்கொண்டேன். சொன்னால் என் வீட்டுக்காரர் இடம் போகும். சொல்லாவிட்டால் ஊரே தோற்கும், இவரால் தோற்றது என்றுதான் பேச்சு வரும்.

வீட்டில் இவர் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். சட்டியை ணங்கென்று வைத்தேன்.

"என்னம்மா, யாரு மேல கோவம்?"

சொல்லிவிட்டேன். எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"எங்கிட்ட சொல்லாமயே இருந்திருக்கலாமில்ல?"

"நீங்க இப்ப யாருகிட்டயும் சொல்ல வேணாம்ங்க. நானும் வாயத் தொறக்க மாட்டேன்."

அவர் எண்ணெயைத் துடைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

மறுநாள் பூசை முடிந்து எல்லோரும் சைக்கிள் கடை முன்னால் கூடினார்கள். பெண்கள் நாங்கள் எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் நின்றோம். இவர்தான் முதலில் வாயைத் திறந்தார். காற்று இறக்கிய விஷயத்தை அப்படியே சொன்னார். கடைக்காரர் முகம் தொங்கிப்போய்விட்டது. அப்படியானால் மூன்றாவது ஆள் யார் என்று கேட்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. ஊரில் இருந்ததே மூன்று பந்தய சைக்கிள்கள்தான். இவர் தன்னுடையதை உருட்டிக்கொண்டு போய் அந்த இளைஞன் முன்னால் நிறுத்தினார்.

"சீட்ட ஏத்திக்க தம்பி. ஒனக்குக் காலு நீளம்."

ஈஸ்டருக்குப் பிறகு முதல் பந்தயம் பொம்மிடியிலேயே நடந்தது. இவர் என் பக்கத்தில் நின்றார். சைக்கிள்கள் திருப்பத்தில் தெரிந்ததும் பிறந்த ஊர் என்றுகூடப் பார்க்காமல், அந்த இளைஞனுக்காகத் தொண்டை கிழியக் கத்தினேன். அவர்கள் அணியில் கடைசியாக வந்த என் அண்ணனை அவன் மயிரிழையில் முந்திக் கோட்டைத் தொட்டான். ஊர்க்காரர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சைக்கிள் ரோட்டிலேயே விழுந்து கிடந்தது. இவர் போய் அதை நிமிர்த்தி, சீட்டில் இருந்த மண்ணைத் தட்டினார்.

"பாத்தியா? என் வண்டி ஜெயிச்சிருச்சு" என்றார்.

எனக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. ரோட்டிலேயே நின்று ஓவென்று அழுதேன். எங்கம்மா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு, "அழாத சாமி, அடுத்த பந்தயத்துல அண்ணன் ஜெயிச்சிருவான்" என்றாள்.