சாப்பாட்டுக்கு முந்தின தீர்மானம்

செல்லபாய் டீச்சருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். கொட்டாரம் பக்கத்து அங்கன்வாடியில் முப்பது வருஷமாக அவரிடம் சுண்டல் தின்று வளர்ந்த பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். டீச்சர் சத்தம் போட்டால் பயப்பட ஒன்றுமில்லை, ஓடி விளையாடலாம். மெதுவாகப் பேசினால் இருந்த இடத்தில் இருந்துகொள்ள வேண்டும். அவருடைய கணவர் ராஜையன், அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், அவருக்கும் இது நன்றாகத் தெரியும். கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார், அவ்வளவுதான்.

பிள்ளைகளைக் கை கழுவ வைக்க, சாப்பிட வைக்க, மத்தியானம் தூங்க வைக்க டீச்சர் பாட்டுக் கட்டுவார். இலக்கியம் படைக்கிறோம் என்ற நினைப்பெல்லாம் கிடையாது. முட்டையின் மஞ்சளைத் துப்பாமல் தின்ன வைத்தால் போதும். அந்தப் பாட்டுகள் ஒரு பிள்ளையின் வாயிலிருந்து இன்னொரு பிள்ளையின் வாய்க்குப் போய், மாவட்டம் முழுக்கப் பரவிவிட்டன. நாகர்கோவிலில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஞானதாசன் காதிலும் ஒருநாள் விழுந்தது. சும்மா சொல்லக்கூடாது, மனுஷனுக்கு நல்ல காது. டீச்சரை வரவழைத்து, பைசா வாங்காமல் எல்லாவற்றையும் பதிவு செய்து தன் சேனலில் போட்டார்.

அங்கன்வாடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குளம் இருந்தது. மழைக்காலத்தில் பிள்ளைகளை ஜன்னலோரம் நிறுத்தி டீச்சர் பாடுவார்:

குளமே குளமே நிறைஞ்சியா,
குட்டித் தவளை குளிச்சியா?

அந்தக் குளத்தில் ஒருத்தர் மண்ணடித்து நிரப்பி மனை போட்டார். மனை விற்க ஒரு விளம்பரம் எடுத்தார். மேலே ட்ரோன் பறக்கிறது, கீழே மஞ்சள் கல் வரிசையாக நட்டிருக்கிறது, பின்னால் ஓடுகிறது இந்தப் பாட்டு! குளத்தை மூடினவருக்குக் குளத்துப் பாட்டு கேட்கிறது. என்ன துணிச்சல் பாருங்கள். டீச்சர் கைப்பேசியைக் கணவரிடம் நீட்டினார்.

"ஏட்டி, இது உனக்க பாட்டுல்லா?" என்றார் ராஜையன்.

"எனக்க பாட்டுதான். ஆனா நான் குடுக்கல்ல." டீச்சரின் குரல் அடங்கி ஒலித்தது. ராஜையன் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டர் சாவியைத் தேடினார்.

கொடுத்தவர் ஞானதாசன். "பதிவு பண்ணினது நான்தானே அக்கா, அதான் அவரு கேட்டப்பம் சரின்னுட்டேன்" என்றார். முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. தான் செய்தது தப்பு என்றே அவருக்குத் தோன்றவில்லை. டீச்சருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்ததே அதனால்தான்.

அப்படித்தான் அவர் கோட்டாற்றில் இருக்கும் குமரி பாடல் உரிமைச் சங்கத்தின் படி ஏறினார். பாட்டு எழுதுகிறவர்களும், இசையமைக்கிறவர்களும், பதிவு செய்து வெளியிடுகிறவர்களும் சேர்ந்து வைத்திருக்கும் சங்கம் அது. கிறிஸ்தவர்களின் வேதப் பாட்டு, இஸ்லாமியப் பாட்டு, வில்லுப்பாட்டு, பிள்ளைப் பாட்டு எல்லாம் அதில் அடக்கம். உறுப்பினர் ஒருவருடைய பாட்டை யாராவது விளம்பரத்திலோ படத்திலோ போட விரும்பினால் சங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும். சங்கம் எழுதினவரைக் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். விதி அப்படி. நடப்பு வேறு. டீச்சர் உறுப்பினராகச் சேர்ந்து, விதியைத் தூக்கிக்கொண்டு நிர்வாகக் குழு முன்னால் போய் உட்கார்ந்தார். விளம்பரம் இறங்கும்வரை எழுந்திருக்கவில்லை.

அடுத்த தேர்தலில் அவரையே தலைவராக்கினார்கள். ஆசையினால் அல்ல. இப்படிப்பட்ட ஆளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டால் அடங்கிவிடுவார் என்று ஒரு கணக்கு. அடேயப்பா, எப்பேர்ப்பட்ட தப்புக் கணக்கு! குழு உறுப்பினர் யாராக இருந்தாலும், அவருடைய சொந்த ஸ்டூடியோ விஷயம் பேச்சுக்கு வந்தால் எழுந்து வெளியே போக வேண்டும் என்று முதல் மாதமே சொல்லிவிட்டார். ஞானதாசனும் குழுவில் ஒருவர்தான். மாதாமாதம் அவர் டீ கிளாசோடு வராந்தாவில் நின்றதைக் கோட்டாற்றுக் கடைத்தெருவே பார்த்தது. அவருக்கு அது மனதில் தைத்துவிட்டது.

மூன்று வருஷம் போனது. டீச்சரின் பதவிக்காலம் முடிகிற சமயத்தில் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. சங்கத்தின் பாட்டுகள் அத்தனையையும் பதினைந்து வருஷத்துக்கு மொத்தமாகத் தங்களிடம் ஒப்படைக்க வேண்டும், உலகம் முழுக்கக் கொண்டுபோகிறோம் என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை. எந்தப் பாட்டை எதற்குக் கொடுப்பது என்பதைக் கம்பெனியே முடிவு செய்யும். எழுதினவரை ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

குழுவில் டீச்சர் ஒருவர் மட்டும் எதிர்த்தார். மற்றவர்களை அப்படியே குறை சொல்லவும் முடியாது. தன் பாட்டு துபாயிலும் கனடாவிலும் கேட்கப்பட வேண்டும் என்று யாருக்குத்தான் ஆசை இருக்காது? "ஒரு அனுமதி கேட்டு வாறவன் மூணு மாசம் நடக்கான் அக்கா, பொறவு பாட்டே வேண்டாம்ணு போயிருதான்" என்று ஞானதாசன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தீர்மானத்தைப் பொதுக்குழுவில் வைப்பதென்று முடிவானது.

பொதுக்குழு கோட்டாற்றில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில். டீச்சரும் ராஜையனும் ஸ்கூட்டரில் வந்து இறங்கினால், வாசலில் டீச்சரின் படத்தோடு பெரிய பிளெக்ஸ்: 'முன்னாள் தலைவர் செல்லபாய் டீச்சர் அவர்களுக்குப் பாராட்டு விழா'. தலைவர் தேர்தல் அன்றைய கடைசி அலுவல். அதில் டீச்சர் மறுபடி நிற்கலாம், விதியில் இடமுண்டு.

ராஜையன் அண்ணாந்து பார்த்தார். "தேர்தல் சாயங்காலமாக்கும். இவனுவ காலையிலேயே உன்ன முன்னாள் ஆக்கிட்டானுவளே!"

ஞானதாசன் ஓடிவந்தார். "அக்கா, பிளெக்ஸ்காரன் அவசரப்பட்டுட்டான். தப்பா எடுத்துக்கிடாதீங்க." பிறகு கொஞ்சம் நெருங்கி நின்று சொன்னார்: "அந்த 'முன்னாள்' மேல ஒரு ஸ்டிக்கர ஒட்டினா தீந்துச்சு. நீங்க தீர்மானத்துக்கு மட்டும் எதிர்ப்பு பேசாண்டாம். அடுத்த மூணு வருஷமும் நீங்கதான் தலைவர். நூஹு அண்ணன் நிக்கதா இருந்தாரு, நான் சொன்னா விலகிருவாரு."

பொய் சொல்வானேன், டீச்சருக்கு அந்த நாற்காலி பிடித்திருந்தது. அங்கன்வாடியில் இருந்த காலமெல்லாம் மேலே இருந்து வருகிறவர்கள் கேட்ட கேள்விக்கு நின்றுகொண்டே பதில் சொன்னவர் அவர். சங்கத்தில்தான் முதல்முறையாக அவர் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நின்று பதில் சொன்னார்கள். இன்னும் மூன்று வருஷம் கிடைத்தால் எத்தனையோ செய்யலாம். மனம் ஒரு நிமிஷம் ஆசைப்பட்டது. ஆசைப்பட்டோமே என்று உடனே கூசியது.

"ஒட்டாண்டாம்" என்றார். "அப்படியே இருக்கட்டும்."

கூட்டம் தொடங்கியது. அறிக்கை, வரவேற்பு, வாழ்த்து, மறுபடி வாழ்த்து என்று காலை முழுக்க இழுத்தார்கள். தீர்மானத்தைச் சாப்பாட்டுக்கு முந்தின கடைசி அலுவலாக வைத்திருந்தது சும்மா இல்லை. கீழே பிரியாணி அண்டாவைத் திறந்துவிட்டார்கள். வாசம் படியேறி வந்து ஹாலில் சுற்றுகிறது. செயலாளர் தீர்மானத்தை மூச்சுவிடாமல் வாசிக்கிறார். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை, புரிந்துகொள்ளும் பொறுமையும் இல்லை. நம் ஊர்ப் பொதுக்குழுவில் தீர்மானம் எப்படி நிறைவேறும் என்று சொல்லவா வேண்டும்? முன்வரிசையில் ஒருவர் தட்டுவார், பின்னால் இருக்கிறவர்கள் சேர்ந்து தட்டுவார்கள், ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதிவிட்டுப் பந்திக்கு ஓடுவார்கள்.

முன்வரிசையில் ஒருவர் தட்டத் தொடங்கினார். டீச்சர் மைக்கை இழுத்தார்.

"கைதட்டுதத நிறுத்துங்க." மிகவும் மெதுவாகச் சொன்னார். "சாப்பாடு தயாரா இருக்கு. எல்லாரும் போய் வயிறு நெறைய சாப்பிடுங்க. தீர்மானத்தப் பொறவு பாப்போம்."

ஞானதாசன் துள்ளி எழுந்தார். "அது எப்படி அக்கா? சாப்பிட்டா பாதிப்பேரு வீட்டுக்குப் போயிருவாங்க!"

"போகட்டும். பசியில இருக்க பிள்ள எதக் கேட்டாலும் தலையாட்டும். முப்பது வருஷம் பாத்திருக்கேன். அதுக்குப் பேரு சம்மதமில்ல."

தைரியமாகச் சொல்லிவிட்டாரே தவிர, உள்ளுக்குள் பதறியது. நிஜமாகவே எல்லோரும் போய்விட்டால்? ராஜையன் ஒரு தட்டில் பிரியாணி கொண்டுவந்து வைத்தார். "ஊரைச் சாப்பிடச் சொன்னவ நீயும் சாப்பிடணும்லா?" டீச்சர் தட்டைத் தொடாமல், வாசல் பக்கம் போகிற தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

எதிரே நூஹு வந்து உட்கார்ந்தார். கோட்டாற்றில் துணிக்கடை வைத்திருக்கிறவர், தர்கா சந்தனக்கூட்டு விழாக்களில் அவர் பாட்டில்லாமல் இருக்காது. தலைவர் பதவிக்கு நிற்பதாக இருந்தவர் இவர்தான்.

"டீச்சர், எனக்கு உங்க மேல ஒரு வருத்தமும் கிடையாது" என்று இழுத்தார். "எனக்க பாட்டு எல்லாம் ஞானதாசனுக்க ஸ்டூடியோவுலதான் கிடக்கு. அவர பகைச்சா நாளைக்கு யாரு பதிவு பண்ணுவா, சொல்லுங்க?"

"உங்க உம்மா மவுத்தானப்பம் ஒரு பாட்டு எழுதினியளே. அத களியக்காவிளைக்கு அங்கிட்டு கேரளாவுல ஒரு லாட்டரிக்காரன் விளம்பரத்துக்குக் கேட்டா குடுப்பியளா?"

செத்துப்போன தாயை நினைத்து எழுதின பாட்டு அது; நூஹுவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "என்ன பேச்சு பேசுதிய டீச்சர்! சோறு திங்கும்போது பேசுத பேச்சா இது?"

"நான் பேசல்ல. அந்தத் தீர்மானம் பேசுது."

அவர் முகம் சிவந்து எழுந்து போனார். மனுஷனை நோகடித்துவிட்டோமே என்று டீச்சருக்கு வருத்தமாக இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்பப் பெறத் தோன்றவில்லை.

சிலர் பீடா போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள். பெரும்பாலானவர்கள் திரும்பி வந்தார்கள். கொஞ்சம் தூக்கக் கலக்கம், ஆனால் அவசரமில்லாத முகங்கள். டீச்சர் முதலில் மைக்கை ஞானதாசனிடம் கொடுத்து, வேண்டிய மட்டும் பேசச் சொன்னார். அவர் நன்றாகவே பேசினார். உலகம் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது, நாம் கோட்டாற்று மாடியில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு பாட்டுக்கும் காவல் காக்கிறோம் என்றபோது நிறையப் பேர் தலையசைத்தார்கள்.

அப்புறம் டீச்சர் எழுந்தார்.

"வாசல்ல பிளெக்ஸ் பாத்திருப்பிய. அதுல போட்டிருக்கது சரிதான். நான் மறுபடியும் தலைவருக்கு நிக்கல்ல." ஹாலில் சலசலப்பு. ராஜையன் நிமிர்ந்து உட்கார்ந்தார், அவருக்கே அப்போதுதான் தெரியும். "நாற்காலிக்கு ஆசப்பட்டு இவ பேசுதாள்னு ஒருத்தரும் சொல்லப்பிடாது, அதுக்காக்கும். தீர்மானத்துல இருக்கது ஒரே ஒரு விஷயம். இன்னைக்கு உங்க பாட்ட எவன் கேட்டாலும் நீங்க வேண்டாம்ணு சொல்லலாம். இது நிறைவேறினா நாளையிலேருந்து சொல்ல முடியாது. எனக்க பாட்ட குளத்த மூடினவன் எடுத்தப்பம் நான் வேண்டாம்ணு சொன்னேன், நின்னுச்சு. அந்த 'வேண்டாம்'ங்கதத்தான் பதினஞ்சு வருஷத்துக்குக் கேக்காங்க. குடுக்கணும்னா குடுங்க. ஆனா என்ன குடுக்கோம்ணு தெரிஞ்சு குடுங்க. கைதட்டாண்டாம். கையத் தூக்குங்க, எண்ணுவோம்."

தீர்மானம் நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு கை வேண்டும். ஆதரித்து எத்தனை பேர் என்று கேட்டதும் மளமளவென்று தூக்கினார்கள். பாதிக்கு மேல். இவர்களுக்காகவா இத்தனை நாள் மல்லுக்கு நின்றோம் என்று டீச்சருக்குத் தோன்றியது. எதிர்த்து எத்தனை பேர் என்று கேட்டார்கள். முதல் கை பின்னால் தேவாலயப் பாட்டுக்காரர் ஒருவருடையது. அப்புறம் இரண்டு பெண்கள். அப்புறம் நூஹு. தரையைப் பார்த்துக்கொண்டே தூக்கினார், ஞானதாசன் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. அவரைப் பார்த்து அவர் வரிசையில் இன்னும் சிலர் தூக்கினார்கள்.

எண்ணினார்கள். நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினார்கள். ஆதரவு மூன்றில் இரண்டு பங்கைத் தொடவில்லை, கொஞ்சம் குறைந்தது. தீர்மானம் தோற்றது.

அதன் பிறகு தலைவர் தேர்தல். வேறு யாரும் நிற்காததால் நூஹு போட்டியின்றித் தலைவரானார். டீச்சர் நாற்காலியை அவருக்கு விட்டுவிட்டு மேடையிலிருந்து இறங்கினார். ராஜையன் எழுந்து வந்து பையை வாங்கிக்கொண்டார்.

படிக்கட்டில் ஞானதாசன் நின்றிருந்தார். முகம் கறுத்திருந்தது.

"ஜெயிச்சிட்டதா நெனைக்காதீங்க அக்கா. பாதிக்கு மேல எங்க பக்கம்தான். அடுத்த வருஷம் மறுபடியும் கொண்டு வருவோம். அப்பம் மைக்கு உங்க கையில இருக்காது. இனி நீங்க வெறும் உறுப்பினராக்கும், ஞாபகம் வச்சுக்கிடுங்க."

"ஆமா, வெறும் உறுப்பினருதான்" என்றார் செல்லபாய் டீச்சர். பக்கத்தில் நின்றவர்கள் காதைத் தீட்ட வேண்டியிருந்தது, அவ்வளவு மெதுவாகச் சொன்னார். "அந்த வெறும் உறுப்பினரு ஒருத்தி வேண்டாம்ணு சொன்னா, இந்தச் சங்கமே சேந்து வந்தாலும் அவளுக்க பாட்டத் தொட முடியாது. அதுக்காகத்தான் நாற்காலிய விட்டேன். கொண்டு வாங்க மக்கா, அடுத்த வருஷமும் கொண்டு வாங்க. மைக்கு இல்லாம பின்வரிசையில இருந்து சொல்லிக்கிடுதேன்."