நான் தைத்த அயர்லாந்துக் கட்டம்

ரங்கூனில் எங்கள் லத்தாப் பேட்டையில் தையல் கடைகள் நிறைய உண்டு. ஆனால் "டெய்லர் வீடு" என்று மட்டும் சொன்னால் சைக்கா ரிக்ஷா மிதிப்பவன் என் கடை வாசலில்தான் கொண்டுவந்து இறக்குவான். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. துறைமுகத்தில் மூட்டை சுமந்த அப்பா போனதும் பொத்தான் தைக்க உட்கார்ந்தவன், இன்று மூன்று மெஷினுக்கும் இரண்டு மாடிக்கும் சொந்தக்காரன். யாரும் தூக்கிவிடவில்லை. வக்கீல், டாக்டர், கப்பல் கேப்டன் எல்லாரும் என் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்றவர்கள்தான். எவ்வளவு பெரிய மனிதனும் டேப்பைப் பார்த்ததும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வான். நான் அதைப் பார்க்காத மாதிரி இரண்டு விரல் கூட்டி வெட்டுவேன். அதனால்தான் என் சட்டை யாருக்கும் இறுக்கியதில்லை.

அப்படிப்பட்ட என் கையில் ஒரு கில்ட் வந்து சேர்ந்த கதை இது. கொண்டுவந்தவன் என் நண்பன். நாற்பது வருஷப் பழக்கம். அவனுடைய முப்பாட்டன் ரயில்வே வேலைக்கு வந்த அயர்லாந்துக்காரர். இங்கேயே ஒரு பர்மியப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். அடுத்தடுத்து எல்லாரும் இந்த ஊரிலேயே பெண் எடுத்தார்கள். நண்பனின் அம்மா தமிழ்க் கிறிஸ்தவர், மிஷன் பள்ளிக்கூட டீச்சர். ஆகவே அவனுக்குத் தமிழும் வரும், பர்மா பாஷையும் வரும், இங்கிலீஷும் வரும். என்னைவிட ஆறு வயது சின்னவன். "அண்ணே" என்றுதான் கூப்பிடுவான்.

போன வருஷம் மழை முடிந்த ஒரு காலையில் போனை நீட்டிக்கொண்டு வந்தான்.

"அண்ணே, எங்க சொந்தக்காரங்களைக் கண்டுபிடிச்சுட்டேன்!"

"எந்தச் சொந்தம்? இங்க பக்கத்துல தாகேதாவிலயா?"

"ஐயோ, அயர்லாந்துல. முப்பாட்டனோட தம்பி வழி. ஒரு அம்மா இப்ப பாங்காக்கில வேலை பாக்கறாங்க. மார்ச் மாசம் ரங்கூன் வர்றாங்க. அப்ப எங்களுக்குப் பண்டிகை."

அவனுக்கு அயர்லாந்துப் பண்டிகை இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அதுவரை கிறிஸ்துமஸுக்கு எங்களுக்கு கேக்கும் தீபாவளிக்கு அவனுக்கு முறுக்கும் போய்வந்தன, அவ்வளவுதான்.

அந்தப் பண்டிகைக்கு அவன் கில்ட் கட்ட வேண்டும் என்றான். கில்ட் என்பது ஆண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் கட்டம் போட்ட, மடிப்பு வைத்த பாவாடை. முழங்காலோடு நிற்கும். ஸ்காட்லாந்துக்காரனுக்குக் குடும்பத்துக்கு ஒரு கட்டம் உண்டாம். அயர்லாந்துக்காரன் மாவட்டத்துக்கு ஒரு கட்டம் வைத்திருக்கிறானாம். நிறத்தைப் பார்த்தே இவன் எந்த மண் என்று சொல்லிவிடலாமாம். கட்டமே இல்லாமல் வெறும் காவி மஞ்சளில் கட்டுகிறவர்களும் உண்டு, அதுதான் அயர்லாந்தின் பழைய நிறம் என்றான்.

எனக்கு இது ஒன்றும் புதுசு இல்லை. நம் ஊர்த் தெருவில் நின்று பாருங்கள். பச்சையும் கறுப்பும் ஊதாவும் கலந்த கட்டத்தில் லுங்கி வந்தால் வருகிறவர் கச்சின்காரர். தடிப்பாகப் பூவேலை நெய்தது வந்தால் ரக்கைன். முகம் பார்ப்பதற்கு முன்னால் இடுப்பைப் பார்த்தே "எந்த ஊர்?" என்று கேட்காமல் கேட்டுக்கொள்கிறோம்.

"எங்க தாத்தன்மாரு கப்பல்ல வந்தப்ப கட்டியிருந்ததும் கட்டக் கைலிதான்டா. உலகத்துக்கே கட்டம் காட்டினவங்க நாங்க" என்றேன்.

"ஆரம்பிச்சுட்டீங்களா! கட்டத்தை விட்டா சூரியனையும் நான்தான் தைச்சேன்னு சொல்லுவீங்க."

முதலில் அவன் காவி மஞ்சளைத்தான் கேட்டான். நான் கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். அந்த நிறம் இந்த ஊரில் புத்த பிக்குகள், எங்கள் பேச்சில் பொங்கிகள், போர்த்துகிற நிறத்துக்குப் பக்கத்து நிறம். அதை முழங்காலோடு வெட்டி, மடிப்பு வைத்து, இடுப்பில் கட்டிக்கொண்டு இவன் தெருவில் நடப்பதா?

"பொங்கிங்க போர்த்தற துணியைப் பாவாடை தைச்சான்னு என் கடையில கல்லு விழும். உன் மேலயும் விழும்."

"அது வேற மஞ்சள், இது வேற மஞ்சள் அண்ணே."

"கல்லு எறியறவன் கிட்ட வந்து நிறம் பாத்துட்டா எறிவான்?"

அதோடு மாவட்டக் கட்டத்துக்கு வந்தான். போனில் படம் காட்டினான். கடும் பச்சை, நடுவில் இளம் பச்சை, மெல்லிய மஞ்சள் கோடு, ஓரத்தில் ஒரு சிவப்பு. பச்சை அவர்கள் புல்வெளிக்காம். மற்ற நிறங்களுக்கும் ஏதோ சொன்னான். அவனே படித்துப் படித்துச் சொன்னதால் நான் அதிகம் நம்பவில்லை. ஆனால் கட்டம் நல்ல கட்டம். அதை நான் மறுக்க மாட்டேன்.

கம்பளியில் தைப்பார்களாம். மார்ச் மாத ரங்கூனில் கம்பளி கட்டினால் ஆளே அவிந்து போவான். ஆகவே பருத்தி. ஆற்றைத் தாண்டி த்வாண்டேயில் தறி வைத்திருக்கும் ஒரு பர்மிய அம்மா எனக்குப் பழக்கம். படத்தைக் காட்டியதும் நூலை விரலில் சுற்றிப் பார்த்துவிட்டு, தொழில்காரனுக்குத் தருகிற மரியாதையோடு என்னை "ஸாயா" என்று கூப்பிட்டுக் கேட்டார்:

"இது எந்த இனத்து லுங்கி, ஸாயா?"

"அயர்லாந்து இனம்."

"மலை மேலயா இருக்காங்க?"

"கடலுக்கு நடுவுல."

"கடல்காரங்களுக்கு இவ்வளவு பச்சை எதுக்கு?" என்றார். ஆனாலும் நெய்து கொடுத்தார். எட்டு கஜம். ஒரு நூல் பிசகவில்லை.

பிறகு என் வேலை. இங்கே நான் கொஞ்சம் பெருமை பேசிக்கொள்ள வேண்டும். மடிப்பு வைக்கும்போது கட்டம் உடையக்கூடாது. ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் ஒரு முழுக் கட்டத்தை ஒளித்துவைத்தால்தான் வெளியே பார்க்கிறவனுக்கு மடிப்பே இல்லாத மாதிரி கோடு கோட்டோடு சேரும். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அட்டையை வெட்டி அளவுக்கட்டை செய்து, சுண்ணக்கட்டியால் கோடு போட்டு நானே கண்டுபிடித்தேன். கரண்ட் போனால் கால் மெஷின். பதினோரு நாள் அந்த ஒரே வேலை. வெளிநாட்டில் படித்த டெய்லர் இருந்தால் கூட்டிவாருங்கள், பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஒரே ஒரு சந்தேகம் வந்தது. மடிப்பு எந்தப் பக்கம்? மாதிரிக்குக் கிடைத்த படத்தில் நின்றவர் காற்றுப்பை வைத்த பெரிய ஊதுகுழலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருக்களித்து நின்றார். பாதி உடம்பு தெரியவில்லை. நண்பனைக் கேட்டேன்.

"முன்னாலதான் அண்ணே. பின்னால மடிப்பு வச்சா உக்காரும்போது கசங்காதா?"

"நிச்சயமாத் தெரியுமா?"

"எங்க தாத்தா கட்டி நான் பாத்திருக்கேனே."

அவன் தாத்தா முழுக்கால் சட்டை தவிர வேறொன்று போட்டு யாரும் பார்த்ததில்லை. எனக்கும் அது தெரியும். ஆனால் அவன் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. சேலைக்குக் கொசுவம் முன்னால். வேட்டிக்கு முன்னால். பர்மாக்காரன் லுங்கியை முடிந்துகொள்வதும் முன்னால். நாங்கள் எதைக் கட்டினாலும் அழகை முன்னால்தான் வைப்போம். ஆகவே முன்பக்கம் மடிப்பு, பின்பக்கம் தட்டை, இரண்டு இடுப்பிலும் தோல் வார். தப்பில் பாதி என்னுடையது. அதை ஒளிக்க மாட்டேன்.

போட்டுப் பார்த்த அன்று நிலைக்கண்ணாடி முன்னால் நின்று அழுதே விட்டான்.

"அண்ணே, மேடையில உங்க பேரைச் சொல்லுவேன். இதைத் தைச்சது என் அண்ணன்னு சொல்லுவேன். அண்ணியையும் கூட்டிட்டு வாங்க."

எனக்கு வேறென்ன வேண்டும்? இத்தனை வருஷத்தில் எத்தனை கல்யாணத்துக்குக் கோட்டு தைத்திருக்கிறேன். யாராவது மேடையில் டெய்லர் பேரைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் அதை எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். டீக்கடையில் சொன்னேன், கோயிலில் சொன்னேன். என் மனைவி பெட்டியிலிருந்து பட்டுச்சேலையை எடுத்து வெயிலில் காயப்போட்டாள்.

பண்டிகை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வாடகைக்கு எடுத்த ஒரு ஹால். அறுபது எழுபது பேர். பச்சைக் காகிதத் தோரணம். நண்பன் கில்ட்டோடு வந்து நின்றபோது ஹாலே திரும்பிப் பார்த்தது. நானும் என் மனைவியும் இரண்டாவது வரிசை. அந்த அயர்லாந்து அம்மா நல்லவர், சிரித்த முகம். இவனைக் கட்டிப்பிடித்தார். பிறகு ஒரு அடி பின்னால் போய்ப் பார்த்தார். பின்பக்கம் எட்டிப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மடிப்பு பின்னால் அல்லவா வர வேண்டும் என்று கையால் சுற்றிக் காட்டினார்.

கேலி இல்லை அது. பிள்ளை சட்டையை உள்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வந்தால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த நொடியிலேயே வழியும் தெரிந்துவிட்டது. கில்ட்டைப் பிரிக்க வேண்டாம், வெட்ட வேண்டாம். வாரை அவிழ்த்து, அப்படியே இடுப்பைச் சுற்றி அரை வட்டம் திருப்பிக் கட்டினால் போதும். மடிப்பு பின்னால் போய்விடும், தட்டை முன்னால் வந்துவிடும். திரைக்குப் பின்னால் ஒரு நிமிஷ வேலை. அவன் காதில் சொல்லலாம் என்று எழுந்து நாலு எட்டு வைத்தேன்.

நான் வருவதை அவன் பார்த்தான். பார்த்துக்கொண்டேதான் சொன்னான். இங்கிலீஷில் சொன்னான். எனக்கு இங்கிலீஷ் கடைக்கு வேண்டிய அளவுதான், ஆனால் அது போதுமானதாக இருந்தது. "எல்லாம் என் கலா டெய்லர் செய்த வேலை. இவங்க எதைக் கொடுத்தாலும் சேலை மாதிரிதான் தைப்பாங்க" என்றான்.

கலா என்பது பர்மா வார்த்தை. எங்கள் நிறத்தையும் மூக்கையும் பார்த்து இந்த ஊரில் முகத்தில் எறிகிற வார்த்தை. பஸ்ஸில் கேட்டிருக்கிறேன், ஆபீஸ் ஜன்னலில் கேட்டிருக்கிறேன். துடைத்துக்கொண்டு போகப் பழகிவிட்டேன். இவன் வாயிலிருந்து கேட்டதில்லை. அந்த அம்மாவுக்கு அது புரியவில்லை. முன்வரிசையில் இருந்த பர்மியர்களுக்குப் புரிந்தது. சிரித்தார்கள்.

சேலையாம். இவனைப் பெற்றவள் ஞாயிறு தவறாமல் சேலை கட்டி, கொசுவத்தில் ஊசி குத்தி, சர்ச்சுக்குப் போனவள். அவள் ரவிக்கை அத்தனையும் நான் தைத்தது. அவளைப் பெட்டியில் வைத்தபோது போட்டிருந்த ரவிக்கையும் நான் தைத்ததுதான். அன்று இவன் என் தோளில் சாய்ந்து அழுதான்.

நான் நாலாவது எட்டிலேயே நின்றேன். பிறகு திரும்பி வந்து மனைவி பக்கத்தில் உட்கார்ந்தேன். மேடையில் பலர் பேரைச் சொன்னான். சாப்பாடு சமைத்தவர் பேரைக்கூடச் சொன்னான். கடைசி வரை மடிப்பை முன்னால் வைத்துக்கொண்டே நின்றான்.

"போலாமா?" என்றாள் மனைவி. ஐஸ்கிரீம் தருவதற்கு முன்பே வந்துவிட்டோம்.

மறுநாள் காலையில் கடைக்கு வந்தான். கையில் பொட்டலம்.

"கோவமா அண்ணே?"

"எனக்கு எதுக்குக் கோவம்? நான் கலா தானே."

"சும்மா வாயில வந்துருச்சு அண்ணே. அத்தனை பேர் முன்னால அவங்க சிரிச்சதும் எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலை."

"மடிப்பு முன்னாலன்னு சொன்னது யாரு?"

பொட்டலத்தை மேஜையில் வைத்தான்.

"நாளைக்கு அவங்க பாங்காக் போறாங்க. சேர்ந்து ஒரு போட்டோ எடுத்து அயர்லாந்துக்கு அனுப்பணும். மடிப்பைப் பின்னால மாத்திக் குடுங்கண்ணே. உங்க கைக்கு இது என்ன பெரிய வேலை?"

நான் அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். கொடுக்கவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது.

"அந்த அம்மாவை இங்க கூட்டிட்டு வா. இவர்தான் தைச்சாரு, இவர் என் அண்ணன் மாதிரின்னு சொல்லு. நீ இங்கிலீஷ்லயே சொல்லு. அடுத்த நிமிஷம் சரி பண்ணித் தர்றேன்."

அவன் கடையைச் சுற்றிப் பார்த்தான். சாமி படம், நூல் கண்டு, வெட்டுத்துணிக் குவியல், உள்ளே அடுப்படியில் என் மனைவி. நாற்பது வருஷமாகப் பார்த்த கடையை அன்றுதான் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"எப்படி அண்ணே? அண்ணன்னு இப்பப் போய்ச் சொன்னா, அப்புறம் ஏன் நேத்து அப்படிச் சொன்னேன்னு கேப்பாங்களே."

"அப்ப முடியாது."

"முடியாதா, மாட்டீங்களா?"

"முடியாது. பிரிச்சா துணி நூல் நூலாப் போயிரும். வேற டெய்லர்கிட்டக் கொடுத்தாலும் போயிரும்."

நான் தொழிலில் பொய் சொன்னதில்லை. இல்லாத துணியை இருக்கிறது என்றோ, முடியாத நாளில் முடித்துத் தருகிறேன் என்றோ யாரிடமும் சொன்னதில்லை. அன்று சொன்னேன். அவன் நம்பினான். துணி விஷயத்தில் என் வார்த்தையை அவன் சந்தேகப்பட்டதே இல்லை. பொட்டலத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டு படியிறங்கினான்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"திருப்பிக் கட்டினாப் போதுமே. எனக்கே தெரியுது, உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"சொல்லியிருக்கலாம்ல?"

அவன் இன்னும் தெருமுனைக்குப் போயிருக்கவில்லை. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மீன்காரிகளின் கூடைகளுக்கு நடுவே பார்த்துப் பார்த்துக் கால் வைத்துப் போனான். அவன் முனையில் திரும்பி மறையும் வரை நான் வாசலில் நின்றேன். கூப்பிடவில்லை.